ரசிகரும் ஆராதகரும்: விளையாட்டுப் பற்றில் சமயச் சொற்கள்

1. சொற்களின் அடிப்பொருள்

பாலக்காட்டு மாவட்டத்தின் கஞ்சிக்கோட்டில் தமிழும் மலையாளமும் நாள்தோறும் அருகருகே புழங்குகின்றன. கால்பந்தாட்ட அணியொன்றைச் சார்ந்து நிற்பவரைத் தமிழ் 'ரசிகர்' என்கிறது. மலையாளம் 'ஆராதகன்' என்கிறது. இரண்டும் வடசொற்களே. எனினும் முன்னது சுவையையும் பின்னது வழிபாட்டையும் அடியாகக் கொண்டவை. 'ரசிகன்' மலையாளத்திலும் உண்டு. அங்கு அது பெரும்பாலும் வேடிக்கையாகப் பேசி மகிழ்விப்பவனைக் குறிக்கும். தமிழிலோ 'ஆராதனை' கோயிலுக்கும் தேவாலயத்திற்கும் உரிய சொல். ஒலியொப்புமையை நம்பும் மொழிபெயர்ப்பாளர் இரு திசையிலும் இடறுவர்.

பிற மொழிகளிலும் இவ்வேறுபாடு உண்டு. வங்காளத்தில் 'பக்தன்' என்னும் சொல்லே ரசிகரையும் குறிக்கும். கன்னடமும் தெலுங்கும் 'அபிமானி' என்னும். ஆங்கிலத்தின் 'ஃபேன்', 'ஃபனாட்டிக்' என்பதன் குறுக்கம் என்பர். அதன் இலத்தீன் மூலமாகிய 'ஃபானம்' கோயிலைக் குறிப்பதாகும்.

2. சார்பும் வழிபாடும்

எமில் துர்க்கைம் 1912-இல் வெளியிட்ட நூலில், புனிதமெனக் கொண்டவற்றைச் சூழ்ந்து ஒன்றுபடும் சமூகத்தைச் சமயத்தின் இன்றியமையாக் கூறாகக் கண்டார். கொடி, சட்டையின் நிறம், ஒருங்கே எழும் முழக்கம் ஆகியவற்றால் பிணைந்த ரசிகர் கூட்டத்திற்கும் இவ்விளக்கம் பொருந்தும். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு மாவட்டத்துப் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோ ஆகியோரின் பேருருவப் பலகைகள் நிறுத்தப்பட்டன. மெஸ்ஸியின் உருவம் மட்டும் ஏறத்தாழ 30 அடி உயரம்.

அவ்வாண்டு நவம்பரில், சமஸ்தவின் குத்பா கமிட்டி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுக்கென ஓர் அறிவுரை விடுத்தது. விளையாட்டை அது விலக்கவில்லை. வீரர்மீது கொள்ளும் பற்று வழிபாடாவதையும், பலகைகளுக்காகும் வீண்செலவையும் கண்டித்தது. அன்றாட வழக்கில் உறங்கிக் கிடந்த 'ஆராதனை'யின் வேர்ப்பொருள் இங்கு விழித்தெழுந்தது எனலாம்.

3. மொழிபெயர்ப்பு நெறி

விளையாட்டுச் செய்தியில் 'ஆராதகன்' என்பதற்கு 'ரசிகர்' என்பதே போதும். 'வழிபடுவோர்' என்பது மூலத்தில் இல்லாத பக்தியை ஏற்றிவிடும். ஆனால் மேற்கண்ட அறிவுரை போன்ற பனுவலில் 'ரசிகர்' மட்டும் நின்றால் கண்டனத்தின் காரணமே மறைந்துபோகும். அங்கு, 'ரசனை வழிபாடாகிவிடலாகாது' என இரு நிலைகளையும் பிரித்துரைத்தல் வேண்டும். மலையாளம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் ஒரு தொடராக விரிக்க வேண்டியுள்ளது. சமயத்தையும் விளையாட்டையும் ஒருங்கே தொடும் பனுவலில், வேர்ப்பொருள் உறங்குகிறதா, விழித்துள்ளதா என்பதை அறிந்த பின்னரே சொல்லைத் தெரிதல் தகும்.