காலையில் மட்டும் உதறுதா உங்க கார்?

மார்கழி மாசம். காலை ஆறு மணி. தெருவெல்லாம் கோலம், கோயிலில் ஸ்பீக்கர், உங்கள் வீட்டு வாசலில் செகண்ட்ஹாண்ட் கார். சாவியைத் திருகுகிறீர்கள். இன்ஜின் பிடிக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களோ இல்லையோ, குளிர்ஜுரம் கண்ட மாதிரி வண்டி உதறுகிறது. இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றும் போகிறது! ஐந்து நிமிஷம் ரேஸ் பண்ணினால் சரி. ஆபீஸ் வாசலை அடையும்போது பரம சாது.

மெக்கானிக்கிடம் கொண்டு போகும்போதும் அதே சாதுதான். 'நல்லாத்தானே ஸார் ஓடுது?' என்பார். இல்லாவிட்டால், 'எதுக்கும் இறக்கிப் பார்த்துடலாம் ஸார்' என்பார். இந்த இரண்டாவது டயலாக்தான் டேஞ்சர். இன்ஜின் இறங்கினால் கூடவே உங்கள் சேமிப்பும் இறங்கும்!

அவசரப்படாதீர்கள். சூடானதும் சரியாகிவிடுகிறது என்பதே பெரிய க்ளூ.

பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். பி.காம். பாஷையில் சொன்னால், ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று. அப்போதுதான் கணக்கு டாலி ஆகும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல், உள்ளே போகிற குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதாவது வாராக்கடன்! அதை ஈடுகட்டக் காலையில் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் தர வேண்டும். பழைய கார்பரேட்டர் மாருதி 800-ல் அதற்கு 'சோக்' இருந்தது. ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. இந்தக் காலைக் கணக்கில் எங்கோ இடிக்கிறது, அவ்வளவுதான்.

ஆடிட்டில் முதலில் பெட்டி கேஷைப் பார்ப்பது மாதிரி, செலவு கம்மியானதிலிருந்து ஆரம்பியுங்கள்.

1. ஸ்பார்க் பிளக்: கழற்றிப் பாருங்கள். நுனி லேசான பழுப்பு நிறமென்றால் ஆரோக்கியம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு என்று சந்தேகப்படலாம். தேய்ந்த பிளக் சூட்டில் சமாளிக்கும், குளிரில் மிஸ்ஸிங் அடிக்கும். (இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் வீரம் வேண்டாம். ஷாக்கும் அடிக்கும், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கெடும்.)

2. த்ராட்டில் பாடி: காற்று நுழையும் வாசல். இங்கேயும், ஐடிலிங் காற்றைக் கவனிக்கும் சின்ன வால்விலும் கரி படியும். காலையில் இன்ஜின் 1,200 சுற்றுக்கு மேல் ஓடி, சூடானதும் 800 பக்கம் இறங்க வேண்டும். காலையிலேயே 600-ல் தள்ளாடினால் முதல் சந்தேகம் இந்த வாசல்மேல்தான். அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் துடைத்தால் பாதி கேஸ்கள் ஒர்க்ஷாப்புக்கே போகாது.

3. ரப்பர் ஹோஸ்: குளிரில் ரப்பர் விறைக்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகத் திருட்டுக் காற்று நுழையும். சூட்டில் இளகி அடைத்துக்கொள்ளும். 'உஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதா, காது கொடுங்கள். இன்னொன்று, இப்போது பங்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். குளிரில் ஆவியாவதற்கு எத்தனால் அடம்பிடிக்கும். பழைய காரின் ரப்பர் பெட்ரோல் பைப்புகளுக்கும் அது ஒத்துக்கொள்ளாது. அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

4. டெம்பரேச்சர் சென்சார்: கட்டைவிரல் சைஸ்தான். 'இன்ஜின் குளிர்ந்திருக்கு' என்று கம்ப்யூட்டருக்கு ரிப்போர்ட் கொடுக்கிற குமாஸ்தா. இவர் 'சூடா இருக்கு' என்று பொய் ரிப்போர்ட் கொடுத்தால், கூடுதல் பெட்ரோல் சாங்ஷன் ஆகாது! காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன்பே ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி 80 டிகிரி காட்டினால் குமாஸ்தாவை மாற்ற வேண்டியதுதான்.

5. கூலன்ட்: கடைசியாக, இன்ஜின் ஆறியிருக்கும்போது லெவல் பாருங்கள். அடிக்கடி குறைகிறதா? காலை உதறலோடு சைலன்சரில் வெள்ளைப் புகை தொடர்ந்து வருகிறதா? ஹெட் காஸ்கெட் கசிந்து, ராத்திரியில் சிலிண்டருக்குள் கூலன்ட் சொட்டுகிறதோ என்னவோ! இதைத் தள்ளிப்போடாதீர்கள். 'இறக்கிப் பார்க்கலாம்' என்பதில் அர்த்தமிருக்கும் கேஸ் இதுதான்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. குளிருதே என்று ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினைச் சூடு பண்ணாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. உயிரையே எடுத்துவிடும். திறந்தவெளியில் அரை நிமிஷம் ஓடவிட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் போதும், தானே சூடாகும்.

இத்தனையும் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லையா? வண்டியை முதல்நாள் சாயங்காலமே ஒர்க்ஷாப்பில் விட்டுவிடுங்கள். 'காலையில நீங்களே முதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கண்ணே' என்று சொல்லுங்கள். பஸ்ஸில் வீடு திரும்ப வேண்டியிருக்கும்தான். ஆனால், வியாதியை நேரில் பார்த்த டாக்டர் அநாவசியமாக ஆபரேஷனுக்கு நாள் குறிக்க மாட்டார்!