கோதுமை சேராதவர்க்கு ஈஸ்ட்டும் சேராதா?

“கோதுமை சேராது, ஈஸ்ட்டும் சேராது. இதில் இரண்டும் இல்லையா?” என்று கேட்டு வாங்குவோர் இப்போது நமது பலசரக்குக் கடைகளுக்கும் வரத் தொடங்கியுள்ளனர். வியாபார வேகத்தில் “ஒன்றும் இல்லை, தைரியமாக வாங்குங்கள்” என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லை நம்பிச் சாப்பிடுபவர் மாதக்கணக்கில் வயிற்றுப்போக்காலும் இரத்தச் சோகையாலும் அவதிப்பட நேரலாம் என்பதால் வணிகப் பெருமக்கள் இதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பிசைந்த மைதாவைத் தண்ணீரில் அலசினால் மாவு கரைந்துபோய் ரப்பர் போல் மிஞ்சுவது அதுதான். இந்தப் புரதத்தால் சிலருக்குச் சிறுகுடலின் உட்புறம் புண்படுகிறது. இதைச் சீலியாக் நோய் என்பர். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் இந்நோய் காணப்பட்டது. நம் பக்கம் குறைவுதான். ஆனால் வந்தவருக்கு வாழ்நாள் முழுதும் பத்தியம் ஒன்றே வழி.

ஈஸ்ட் வேறு சங்கதி. அது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பூஞ்சை. ரொட்டி, பன் உப்புவதற்குச் சேர்ப்பது. பேக்கரிகளுக்கு நாம் விற்கும் உலர் ஈஸ்ட் சர்க்கரைப் பாகுக் கழிவில் வளர்க்கப்படுவதால் அதில் குளூட்டன் இருப்பதில்லை. பீர் காய்ச்சியபின் எடுக்கும் ஈஸ்ட்டில் பார்லியின் புரதம் ஒட்டியிருக்கும். அதிலிருந்து செய்த ஈஸ்ட் சாறு சூப் பொடியிலும் சிப்ஸ் மசாலாவிலும் சேரக்கூடும். அரிசி மாவில் செய்யும் குளூட்டன் இல்லாத ரொட்டிக்கும் ஈஸ்ட் வேண்டும். அதைத் தின்று வயிறு உப்பினால் “ஈஸ்ட்தான் காரணம்” என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஈஸ்ட் ஒவ்வாமை உண்மையில் உண்டு, ஆனால் அபூர்வம். புண்பட்ட குடல் ஆற மாதங்கள் ஆகும். அதுவரை பால்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எது காரணம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாம் பார்க்க வேண்டியது மறைந்திருக்கும் கோதுமையை. முதலில் பெருங்காயம். அசல் பிசின் காரமும் நெடியும் மிகுந்தது. அப்படியே பயன்படுத்த முடியாது. ஆகவே கருவேலம் பிசினும் மாவும் கலந்தே கூட்டுப் பெருங்காயமாக வருகிறது. அந்த மாவு பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு; சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, ஊறுகாய், அப்பளம் என்று அது போகாத இடமில்லை. சப்பாத்தியை விட்டுவிட்டு மூன்று வேளையும் சாம்பாரும் ரசமுமாகச் சாப்பிடுபவர் தம்மையறியாமல் கோதுமையைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார். பழியோ ஈஸ்ட்டின்மேல் விழுகிறது! ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதை அறியாத வாடிக்கையாளர் ஏராளம். மால்ட் பானங்களில் பார்லி, சோயா சாஸில் கோதுமை.

அடுத்தது லூஸ் சரக்கு. நமது வட்டாரத்தில் பரோட்டாக் கடைக்கும் மைதா, பட்டாசுக் குழலுக்குப் பசை காய்ச்சவும் மைதா. மூட்டை பிரித்தால் கடையெங்கும் தூசி. அதே கரண்டியால் அரிசி மாவை அள்ளினால் போதும். மாவு மில்லில் கோதுமைக்கு அடுத்து அரைத்த கேழ்வரகும் அப்படியே. குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த அளவுக்குக் கண்மதிப்பு உதவாது. காராச்சேவு கடலை மாவும் அரிசி மாவும்தான்; ஆனால் மைதாப் பண்டம் பொரித்த எண்ணெயில் போட்டிருந்தால் அதுவும் ஆகாது.

பாக்கெட் சரக்குக்கு 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் ஒவ்வாமைக் குறிப்பில் தெரிவிக்க வேண்டும். ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்மானங்களில்தான் தேட வேண்டும். ஆப்பச் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஈஸ்ட் அல்ல. பாக்கெட் இட்லி மாவில் ஈஸ்ட் போடாவிட்டாலும், மாவு புளிக்கையில் பாக்டீரியாக்களோடு ஈஸ்ட்டும் தானாகவே வளரும். எனவே “துளியும் இல்லை” என்று உறுதி கூறாமல், “நாங்கள் சேர்க்கவில்லை, தானாக இருக்கும்” என்றே சொல்லலாம்.

குதிரைவாலி, சாமை, தினை, வரகு, ஜவ்வரிசி இவற்றில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. இத்தகைய வாடிக்கையாளருக்கு முழுத் தானியமாகவே கொடுத்து, வீட்டில் கழுவி, சொந்த மிக்ஸியில் அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடையில் இச்சரக்குகளுக்குத் தனி டின், தனிக் கரண்டி வைத்து, மைதா மூட்டைக்கு எட்ட, மேல்தட்டில் அடுக்கினால் போதுமானது.