பழைய பெட்டிக் கணிப்பொறியின் விசைப்பலகையைச் செப்பனிடுதல்

பழங்கணிப்பொறிகளைப் போற்றி வைத்திருப்போரும், அவற்றைக் கொண்டு மாணவர்க்குப் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியர்களும் அடிக்கடி எதிர்ப்படும் தொல்லை ஒன்று உண்டு. பொறியை இயக்கியவுடன் திரையில் பச்சை எழுத்துக்கள் தெளிவாகத் தோன்றுகின்றன. ஆனால் விசைகளை எத்துணை அழுத்தினும் பயனில்லை. மின்சுற்று கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பொறியை மூலையில் ஒதுக்கிவிடுகின்றனர். இம்முடிவு பல வேளைகளில் தவறானது. கெட்டிருப்பது மின்சுற்றன்று, விசைகளின் அடியிலுள்ள சிறு நுரைப் பஞ்சேயாகும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1982-இல் தொடங்கப்பெற்ற காம்பாக் கம்பெனி, 1983-இல் விற்பனைக்குக் கொணர்ந்த 'காம்பாக் போர்ட்டபிள்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முதலாண்டிலேயே ஏறத்தாழ 53,000 பொறிகள் விற்பனையாயின. தோற்றத்தில் தையல் யந்திரப் பெட்டியை ஒத்த இதன் எடை சுமார் 13 கிலோகிராம். எடுத்துச் செல்லத்தக்கது என்னும் பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதைச் சுமந்தவர் தோளே அறியும்! இதன் விசைப்பலகையே பெட்டிக்கு மூடியாகவும் அமைந்துள்ளது. ஆதலின் வேறொரு பலகையை இணைத்தால் பெட்டியை மூட இயலாது. மேலும் பிற்காலப் பலகைகள் அனுப்பும் குறியீடுகள் வேறானவை. இடையில் மாற்றுக் கருவியின்றி அவை இப்பொறிக்குப் பயன்படா. எனவே உள்ள பலகையைச் செப்பனிடுவதே சிறந்த வழி.

இவ்வகைப் பலகையில் உலோகத் தொடுமுனைகள் இல்லை. ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு நுரைப் பஞ்சுத் திண்டும், அதன் முகத்தில் உலோகப் பூச்சுடைய மெல்லிய பிளாஸ்டிக் வில்லையும் உள்ளன. விசை தாழும்போது வில்லையானது சுற்றுப் பலகையிலுள்ள இரு செப்புப் பரப்புக்களை நெருங்கி மின்தேக்கியாக அமைகின்றது. தேக்குதிறனில் உண்டாகும் மாறுதலைச் சுற்று உணர்கின்றது. வில்லை சீராகப் படியுமாறு அழுத்துவது திண்டின் வேலை. தொடுமுனை தேய்வதையும் துருப்பிடிப்பதையும் தவிர்க்கவே இம்முறை கையாளப்பட்டது. ஆயினும் நுரை பாலியூரித்தேனால் ஆனது; ஈரமும் காற்றும் அதனைச் சிதைக்கும். தொடாமலே பெட்டியில் கிடந்த பொறியிலும் அது பொடியாகிவிடுகின்றது.

செப்பனிடுகையில் திரையுள்ள பெரும் பெட்டியைத் திறக்க வேண்டுவதில்லை, திறக்கவும் கூடாது. அதனுள் உயர் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்தியபின் விசைப்பலகையை மட்டும் பிரித்து, பின்புறத் திருகாணிகள் அனைத்தையும் கழற்றிச் சுற்றுப் பலகையைத் தனியே எடுக்க வேண்டும். மட்கிய திண்டுகளைச் சிறு கொக்கியால் பெயர்த்து, செப்புப் பரப்புக்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் மெல்லத் துடைக்க வேண்டும், சுரண்டுதல் தீங்காகும். பின்னர்ப் பலகையை மீண்டும் பொறியுடன் இணைத்து, வில்லையொன்றைச் செப்புப் பரப்பின்மீது விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். திரையில் எழுத்துத் தோன்றினால் சுற்று நன்னிலையில் உள்ளதென்பது உறுதி. இச்சோதனையைச் செய்யாது திண்டு வாங்கச் செலவிடுவது வீண்.

புதுத் திண்டுகள் வெளிநாட்டு வணிகரிடம் கிடைக்கின்றன. கைத்திறனுடையோர் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கனமுள்ள மென்னுரைத் தகட்டை வட்டத் துளைப்பானால் அரை அங்குல வட்டங்களாக வெட்டி, பழைய திண்டின் பிளாஸ்டிக் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்ளலாம். நுரை கடினமாயின் விசை தானே அழுந்தி நிற்கும். எனவே முதலில் இரண்டொரு விசைகளில் பொருத்திச் சோதித்தல் நலம். வில்லையின் ஒரு பக்கமே மின்கடத்தி. எப்பக்கம் என்பதை மல்டிமீட்டரால் அறிந்து, கடத்தாப் பக்கம் செப்பை நோக்குமாறு ஒட்ட வேண்டும்.

சிலர் இயங்காத விசைகளுக்கு மட்டும் புதுத்திண்டு வைத்து நிறுத்திவிடுவர். அது சிக்கனமாகாது, எல்லாத் திண்டுகளும் ஒரே வயதினவாதலால், 83 விசைகளுக்கும் ஒருமிக்க மாற்றுவதே தகும். மாற்றிய ஆண்டையும் நுரையின் வகையையும் சிறு தாளில் குறித்து, பலகையின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால் அடுத்துத் திறப்பவர்க்கு உதவும்.