சோறு நெஞ்சில் நிற்கிறதா? உஷார்!

சப்பாத்தியோ கறியோ விழுங்கும்போது நடுநெஞ்சில் நின்று நின்று இறங்குகிறதா? ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுகிறது என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உணவுக்குழாயில் புற்றுநோய் வளரும்போது பெரும்பாலும் முதலில் தெரிவது இந்த அடைப்புதான்.

உணவுக்குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும். உள்வழி பாதி அடைபடும்வரைகூடப் பலருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தபிறகோ நாமே அதை மறைத்துவிடுகிறோம். சப்பாத்தியை விட்டுக் குழைந்த சோறு, சோற்றை விட்டுக் கஞ்சி. மெலிந்துபோனால் சுகர் டெஸ்ட். நெஞ்சு கரித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை. கஞ்சியும் இறங்காத நாளில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது நோய் பல இடங்களுக்குப் போயிருக்கும்.

அவற்றில் ஒன்று இரைப்பை. குடலையும் இரைப்பையையும் போர்த்தியிருக்கும் மெல்லிய வெளியுறை உணவுக்குழாயின் பெரும்பகுதிக்குக் கிடையாது. அதன் சுவருக்குள் நிணநீர் நாளங்கள் நெடுக்குவாட்டில் ஓடுகின்றன. அந்த வழியே புற்றுச் செல்கள் இறங்கி இரைப்பைச் சுவரில் வேர்பிடிக்கலாம். கட்டி கீழ்முனையில் இருந்தால் நேராகவே பரவிவிடும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நோயுற்ற உணவுக்குழாயை வெட்டியெடுத்தால், பெரும்பாலும் இரைப்பையைத்தான் குழாய்போலத் தைத்து, மேலே இழுத்துப் புதுவழி அமைக்கிறார்கள். அந்த இரைப்பையும் கெட்டுவிட்டால் குடலிலிருந்து ஒரு துண்டைத் தேட வேண்டும். பலருக்கு அந்தக் கட்டத்தில் ஆபரேஷனே பலன் தராது.

இந்த நோய்க்குப் பலியான, ‘காசாபிளாங்கா’ ஹாலிவுட் படத்தின் நாயகன் ஹம்ப்ரி போகார்ட் சிகரெட்டும் மதுவுமாக வாழ்ந்தவர். விடாத இருமலையும் சாப்பிட முடியாத சிரமத்தையும் பொருட்படுத்தாமல் தள்ளிப்போட்டார். 1956 மார்ச்சில் உணவுக்குழாயை அகற்றினார்கள். 1957 ஜனவரியில், 57 வயதில் இறந்தார்.

இந்த நோய்க்குக் காரணமான பீடி, சிகரெட், சாராயம் என்ற பட்டியலில் பாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்துவிட்டது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீ, காபி மீதும் அதற்குச் சந்தேகம் உண்டு. வருடக்கணக்கில் நெஞ்செரிச்சல் இருப்பவர்களும் கவனம்.

இதைக் கண்டறியக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி என்றால் நடுங்க வேண்டாம். வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்து சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த வசதி உண்டு. உங்கள் வீட்டில் அப்பாவோ பெரியம்மாவோ வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துச் சாப்பிடுகிறாரா, பிடித்த கறியை ஒதுக்குகிறாரா என்று பாருங்கள். அவர் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.