குதிரையின் மேல் ஒரு வளைவு

கும்பகோணத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தில், தம் பெண்ணுக்குத் தஞ்சாவூரில் வீணை ஒன்று செய்யச் சொல்லப் போவதாகவும், ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கும் துண்டுகளை இணைத்துச் செய்யும் ஒட்டு வீணைக்கும் விலையில் பெரும் வித்தியாசம் இருப்பதாகவும், அந்த அதிகப்படி விலைக்கு ஏற்ற அதிகப்படி நாதம் உண்டா என்பதை விஞ்ஞான ரீதியாக விளக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, எனக்கும் பிரியமான கேள்வி. என் தங்கையின் மகளுக்காகச் சென்ற ஆண்டு தஞ்சாவூரில் ஒரு வீணை உருவானபோது, மரத்தை அறுத்த நாள் முதல் தந்தி பூட்டிய நாள் வரை பலமுறை அந்தப் பட்டறைக்குப் போய் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே கண்ணால் கண்டதையும், அதன் பின் புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும் வைத்துக்கொண்டே இதற்கு விடை சொல்கிறேன்.

முதலில் மரம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம் வீணைக்கு உகந்தது என்பது பிரசித்தம். நாங்கள் பார்த்த கட்டை, உள்ளே மஞ்சள் பூத்து, உளி பட்ட இடமெல்லாம் பழத்தின் வாசனை லேசாகத் தங்கியிருந்த முதிர்ந்த மரம். வாய்ச்சியால் வெளிப்புறத்தைச் செதுக்கி உருவம் கொண்டு வந்த பிறகு, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு குடத்தைக் குடைந்தார்கள். சுவர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, ஆசாரி அளவுகோலைத் தேடாமல், குடத்தின் வெளிப்புறத்தை விரல் முட்டியால் தட்டிக் காட்டி, "இங்கே இன்னும் கல்லு மாதிரி கேக்குது பாருங்க, இன்னும் எடுக்கணும்" என்றார். அரை மணி நேரம் கழித்து அதே இடத்தைத் தட்டியபோது, கல்லின் ஓசை போய்ப் பானையின் ஓசை வந்திருந்தது.

ஏகாந்த வீணை என்று சொல்லும்போது, குடமும் தண்டியும் யாளி முகமும் ஒரே மரத்தின் இடைவிடாத பகுதிகள் என்று பொருள்படுகிறதே தவிர, வீணை முழுவதும் ஒரே மரம் என்று பொருளாகாது. குடத்தின் வாயை மூடுகின்ற மேற்பலகை, அதாவது தந்தியின் அதிர்வை, அதைத் தாங்கும் குதிரை வழியே பெற்றுக் காற்றுக்கு வழங்குகின்ற பாகம், ஏகாந்த வீணையிலும் தனிப்பலகைதான். குடத்தைக் குடைந்தாக வேண்டுமாகையால் அது வேறு விதமாக இருக்க வழியில்லை. நாதத்துக்கு மிகவும் முக்கியமான அந்தச் சந்திப்பில் இரு வகை வீணைகளும் ஒட்டு வீணைகளே. அதிகப்படி விலை எதற்கு என்றால், அவ்வளவு நீளமும் அகலமும் வெடிப்பின்றி வாய்த்த மரத்துக்கும், வீணாகிப் போகும் மரத்துக்கும், குடைகிற உழைப்புக்கும். மூட்டு இல்லாததால் நாளடைவில் மூட்டு விட்டுப் போகும் கவலையும் இல்லை. இவை நியாயமான காரணங்கள். ஆனால் நாதம் இரு மடங்காகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

கோயில் மணியோசையையும் நாகஸ்வரத்தையும் பல்லாண்டுகள் கேட்டு வளர்ந்த பலாமரத்தில்தான் உத்தமமான வீணை பிறக்கும் என்று சொல்வதுண்டு. கேட்க இனிமையான நம்பிக்கைதான்; ஆனால் மரம் நன்றாக முதிர்ந்து, நிழலில் நெடுநாள் காய்ந்து, ஈரம் இறங்கியிருந்தால் அதிர்வை விழுங்காமல் திருப்பித் தரும் என்பதற்கு மேல் அதில் ரகசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியில் கிரெமோனா நகரத்து ஸ்ட்ராடிவேரியஸ் வயலின்களின் மரத்தையும் வார்னிஷையும் பற்றி எழுதப்படாத கற்பனை இல்லை. ஆனால் 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், தேர்ந்த வயலின் கலைஞர்கள் 21 பேருக்குக் கண்ணை மறைக்கும் கண்ணாடி மாட்டி, மூன்று பழைய இத்தாலிய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொன்னபோது, மிக அதிகமாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். 2012-இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. மரத்தின் பெருமையைக் கண்ணும் பணப்பையும் சேர்ந்து எவ்வளவு வளர்த்துவிடுகின்றன என்பதை அது காட்டிற்று.

சரித்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். பழைய நூல்களில் வரும் வீணை பல சமயம் யாழை ஒத்த வேறு கருவி. இன்று நாம் காணும் 24 மெட்டுகள் நிலையாகப் பதிந்த தஞ்சாவூர் வீணையை, பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும்; கைவினைஞர்களுக்கு ஓரளவு உதவவும் கூடும். நாதத்தைத் தருவது வேறு.

அது என்ன என்பதை, வீணை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு மத்தியானம் கண்டேன். யாளிக்கு வர்ணம் பூசியாகிவிட்டது, பிருடைகள் பொருத்தியாகிவிட்டது, சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நான்கு தந்திகளும் நாகபாசத்திலிருந்து புறப்பட்டுக் குதிரையைக் கடந்து தண்டியின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஆசாரி சாரணியை மீட்டினார். ஓசை வந்தது, உடனே போயிற்று. மரப்பெட்டியில் கம்பி கட்டி இழுத்தாற்போன்ற மொட்டை ஓசை. என் தங்கை மகளின் முகம் வாடிவிட்டது. ஆசாரி ஒன்றும் சொல்லாமல், குதிரையின் தலைமேல் அரக்கு வைத்து ஒட்டியிருந்த வெண்கலத் தகட்டைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை ஒட்டிப் பார்த்து, மெல்லிய அரத்தால் மூன்று இழுப்பு இழுத்தார். துகளை ஊதித் தள்ளினார். மீண்டும் வைத்து, அரக்கைச் சிறிது சூடுகாட்டி, மயிரிழை அளவு சாய்த்து, தந்தியை மேலேற்றி மீட்டினார். கரகரவென்று இரைந்தது. மறுபடி கழற்றினார், மறுபடி அரம். இப்படி ஒன்பது பத்து முறை நடந்த பின்பு, ஒரு முறை மீட்டியபோது, மீட்டிய ஓசைக்குள்ளிருந்து இன்னொரு ஓசை மெல்ல எழும்பி, நீண்டு, பொன்னிறமாக விரிந்து போயிற்று. "பாப்பா, இப்ப காதைக் குதிரைகிட்ட வெச்சுக் கேளு" என்றார் ஆசாரி. அவள் கேட்டாள், நானும் கேட்டேன். மரம் அதே மரம், தந்தி அதே தந்தி; மாறியிருந்தது இரண்டு விரல் அகலமுள்ள ஒரு தகட்டின் வளைவு மாத்திரமே.

வயலினிலும் கிட்டாரிலும் தந்தி ஒரு கூரிய விளிம்பில் வந்து முடிகிறது. அங்கே தந்தியின் நீளம் எங்கே தொடங்குகிறது என்பதில் ஐயமில்லை. வீணையின் குதிரையோ அகலமானது. அதன் தகடு நடுவில் மெல்ல எழும்பி யாளியின் பக்கமாகச் சரிந்து போகிறது. தந்தி அந்தச் சரிவைத் தழுவிக்கொண்டு சிறிது தூரம் படிந்திருந்து, ஓரிடத்தில் தொட்டும் தொடாமலும் விலகிப் புறப்படுகிறது. அந்த விலகும் புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதில்தான் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

தரையில் விரித்த கோரைப்பாயின் ஒரு முனையைக் கையில் தூக்கிப் பிடித்து உதறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை இறங்கும்போது பாய் தரையில் மேலும் சிறிது படிகிறது. கை ஏறும்போது படிந்த பகுதி உரிந்து எழுகிறது. படிந்த பாய்க்கும் எழுந்த பாய்க்கும் நடுவில் உள்ள எல்லை, முன்னும் பின்னுமாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது. தந்தி கீழே வரும்போது தகட்டில் மேலும் படிந்து நீளம் குறைகிறது. மேலே போகும்போது உரிந்து நீளம் கூடுகிறது. விநாடிக்கு 150 முறை அதிரும் தந்தி, விநாடிக்கு 150 முறை இப்படிப் படிந்து உரிகிறது. இன்னும் பாருங்கள். பாயைத் திண்ணையின் விளிம்பில் தொங்கவிட்டு உதறினால் படிவதற்கு இடமில்லை, வெறுமனே மடிந்து ஆடும், அது வயலின். சமதரையில் உதறினால் நீளப் பகுதி முழுதும் ஒரே சமயத்தில் அறைந்து பட்டென்று சத்தம் போடும். தகடு தட்டையாகிவிட்ட வீணையில் நாம் கேட்ட கரகரப்பு அதுதான். மெல்லச் சரியும் களத்து மேட்டில் உதறினால், பாய் சிறுகச் சிறுகப் படிந்து சிறுகச் சிறுக உரியும். ஒவ்வொரு படிவிலும் ஒரு சிறு நெளிவு பாயின் மேல் ஓடி உங்கள் கைக்கு வந்து சேரும். அந்த நெளிவு பாயில் ஒளிந்திருந்த புழுதியை எல்லாம் கிளப்பிவிடும். வீணையின் புழுதி கிளைநாதங்கள்: அடிப்படைச் சுருதியின் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே மேலே போகும் நுண்ணொலிகள். தந்தி தகட்டில் படிகிற ஒவ்வொரு முறையும் ஒரு கூரிய நெளிவு பிறந்து தந்தியின் மேல் ஓடுகிறது. கூரிய நெளிவு என்பது உயர்ந்த கிளைநாதங்களின் கூட்டமேயாகையால், அடிப்படை அதிர்விலிருந்து சக்தி சிறிது சிறிதாக மேலே இறைக்கப்பட்டு வருகிறது. மீட்டிய கணத்தோடு தேய்ந்து போக வேண்டிய மெல்லிய நாதங்கள் மீட்டிய பின்னும் வளர்வதற்குக் காரணம் இதுதான்.

தம்புராவில் இதே காரியத்தை ஒரு நூலிழை செய்கிறது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி, ஓசை மலரும் இடத்தில் நிறுத்துகிற அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். இதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன். வீணைக்கு அந்த நூல் இல்லை. அதன் ஜீவன் முழுதும் அரத்தின் இழுப்பில் இருக்கிறது.

இந்த விஷயத்தை உலகம் அறியச் சொன்னவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். விஞ்ஞானி தாமஸ் யங் காலந்தொட்டு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்த ஒரு விதி உண்டு: தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியை அசையாத கணுவாகக் கொண்ட கிளைநாதம் எழாது. நேர் நடுவில் மீட்டினால் இரு மடங்குச் சுருதி பிறக்கக் கூடாது. தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்பதையும், எழக் கூடாத நாதம் பலமாகவே எழுகிறது என்பதையும், அதற்குக் குதிரையின் வளைவும் நூலுமே காரணம் என்பதையும் ராமன் 1921-இல் கல்கத்தாவிலிருந்து எழுதினார். கப்பலில் போகும்போது கடலின் நீலத்தைக் கண்டு அவர் சிந்தித்ததும் அதே ஆண்டில்தான். அந்தச் சிந்தனை 1930-இல் நோபல் பரிசில் போய் முடிந்ததால், வீணையைப் பற்றிய கட்டுரை மறந்து போயிற்று. அவருடைய மனைவி லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிப்பவர் என்பதை நினைக்கும்போது, வீட்டில் கேட்ட நாதத்தையும் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கருதிய அந்த மனத்தின் மேல் எனக்கு மரியாதை பெருகுகிறது.

இதைக் கொண்டு, நம் முன்னோர் யங்கின் விதியை அறிந்து அதை முறியடிக்கவே குதிரையை வளைத்தார்கள் என்று மேடைகளில் பேசுவோரை நான் ஏற்கவில்லை. அவர்களுக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல ஓசை எது என்ற தெளிவும், அது கிடைக்கும் வரை அரத்தைக் கீழே வைக்காத பொறுமையும் அவர்களிடம் இருந்தன. செய்யாத கணக்கைச் செய்ததாகச் சொல்லி அந்தப் பொறுமையை மறைத்துவிடலாகாது.

கடைசி வேலை மேளம் கட்டுதல். தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைத் தண்டியின் இரு ஓரங்களிலும் சட்டமாகப் பிடித்து, அதில் 24 வெண்கல மெட்டுகளையும் பதிக்கிறார்கள். தந்தியின் நீளம் 32 அங்குலம் என்று கொண்டால் பன்னிரண்டாவது மெட்டு 16 அங்குலத்தில் விழ வேண்டும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் மெட்டின் மேல் விரல் அழுத்தும்போது தந்தி இறுகிச் சுருதி ஏறிவிடுமாகையால், மெட்டு யாளியின் பக்கம் சிறிது தள்ளியே அமைய வேண்டும். எவ்வளவு தள்ளி என்பது அந்த வீணையின் தந்தி எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஆசாரி மெட்டை இளஞ்சூடான மெழுகில் வைத்து, மீட்டி, நகத்தால் நகர்த்தி, மீண்டும் மீட்டி நிறுத்தினார். கணினி அளந்து பதித்துவிடும் என்ற விளம்பரங்களை நானும் பார்க்கிறேன். ஆனால் பதித்த மெழுகு அடுத்த கோடையில் இளகி மெட்டு நகர்ந்த பிறகு அளவு யாருக்கு உதவும்? அன்றைக்கும் ஒருவர் உட்கார்ந்து காதால் கேட்டுத்தான் திருத்த வேண்டும்.

ஆகவே கும்பகோணத்து நண்பருக்கு என் அபிப்பிராயம் இது. கையில் தாராளமாகப் பணம் இருந்தால் ஏகாந்த வீணை வாங்குங்கள். அதன் அழகும் உறுதியும் மெய்யானவை. பணம் அளவாக இருந்தால், நன்கு காய்ந்த மரத்தில் செய்த ஒட்டு வீணையை வாங்கி, மீந்த பணத்தில் ஒரு பகுதியை, குதிரைக்காகவும் மேளத்துக்காகவும் முழு நாள் உட்காரச் சம்மதிக்கும் ஆசாரிக்குக் கொடுங்கள். வீணையைப் பெற்றுக்கொள்ளும் முன்பு ஒவ்வொரு தந்தியையும் ஒரே ஒரு முறை மீட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, ஓசை அடங்கும் வரை பேசாமல் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு மெட்டிலும் அழுத்திக் கேளுங்கள். சில ஆண்டுகள் வாசித்த பிறகு தந்திகள் வெண்கலத் தகட்டில் மெல்லிய பள்ளம் போட்டிருக்கும். நாதம் மங்கியதாகத் தோன்றினால் மரத்தைக் குறை சொல்லாமல், தகட்டைக் கழற்றி மறுபடி அரம் போடச் சொல்லுங்கள்.