குளிர்பதனப் பெட்டியில் நீர்க்கசிவு

குளிர்பதனப் பெட்டியில் நீர்க்கசிவு என்பது, பெட்டிக்குள் உண்டாகும் நீர் உரிய வழியில் வெளியேறாமல் தரையில் தேங்குவதாகும். இது பலர் அஞ்சுவதுபோல் 'கேஸ்' கசிவு அன்று. பல பெட்டிகளில் பயன்படும் ஐசோபியூட்டேன் ஏறத்தாழ -12 °செ வெப்பநிலையிலேயே கொதிப்பதால், கசிந்தாலும் வளிமமாகவே வெளியேறும். சவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாடு போன்ற, நகரிலிருந்து தள்ளியமைந்த ஊர்களில், பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன் காரணத்தை அறிந்துகொள்வது வீண்செலவைத் தவிர்க்கும்.

நீர் உருவாகும் விதம்

30 °செ வெப்பநிலையில் ஈரம் நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். 4 °செ வெப்பநிலையில் 6 கிராம் அளவே இருக்க இயலும். கதவைத் திறக்கையில் நுழையும் காற்றின் மிகுதி ஈரம் உட்புறக் குளிர்ப்பரப்பில் நீராகவோ உறைபனியாகவோ படிகிறது. பனி உருகிய நீர் வடிதுளை வழியாகப் பின்புறத் தட்டை அடைந்து, பொதுவாக அமுக்கியின் வெப்பத்தால் ஆவியாகிறது.

காரணத்தை அறிதல்

* காய்கறிப் பெட்டியின் அடியில் நீர் தேங்கினால், வடிதுளை அடைபட்டிருக்கலாம்.
* பின்புறத் தரை மட்டும் நனைந்தால், தட்டு விரிசலுற்றோ நிரம்பியோ இருக்கலாம்.
* உறைபனி மிகுதியாகப் படிந்தால், கதவின் ரப்பர் பட்டையைச் சோதிக்க வேண்டும். கதவிடுக்கில் வைத்த தாள் எளிதில் உருவி வந்தால் பட்டை தளர்ந்துள்ளது.
* நீண்ட மின்தடைக்குப் பின் மட்டும் கசிந்தால், அது உருகிய பனியே, பழுதன்று.

எச்சரிக்கை

சோதிக்கும் முன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஈரத் தரையில் நின்று பெட்டியைத் தொடுதல் மின்னதிர்ச்சிக்கு வழிவகுக்கலாம். வடிதுளையை வெதுவெதுப்பான நீரூற்றித் திறக்கலாம். கத்தி முதலியவற்றால் பனியைச் சுரண்டினால் குழாய் துளைபட்டு, உண்மையாகவே 'கேஸ்' கசியக்கூடும்; ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றும்.