உளுந்துக்கு யூரியா வீசுமுன்

விதைத்து 25 நாளான உளுந்துச் செடி ஒன்றை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு அலசிப் பாருங்கள். இழுத்துப் பிடுங்கினால் வேர்முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். வேரின் பக்கவாட்டில் கடுகளவிலும் மிளகளவிலும் ஒட்டியிருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினால், உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். நம் ரத்தத்துச் சிவப்புக்குக் காரணமான புரதத்தின் உறவுக்காரப் புரதம் தரும் நிறம் அது. அது தெரிந்தால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பயிர் தன் வேரிலேயே தயாரித்துக்கொண்டிருக்கிறது. (வேரே வீங்கி, தனியாகக் கழற்ற வராமல் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. ஏமாந்துவிட வேண்டாம்.)

யூரியாவை அள்ளி வீசிய வயலில் இலை கரும்பச்சையாக மின்னும். வேரை அலசினால் முடிச்சு அரிதாக இருக்கும். இருப்பதும் வெளுத்துக் கிடக்கும். செடிக்கு நோய் ஒன்றுமில்லை. தெரிந்தேதான் கடையை மூடியிருக்கிறது.

காரணம் செலவு. காற்றிலுள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அமோனியாவாக்க, செல்லின் எரிபொருளான ஏடிபியில் குறைந்தது 16 மூலக்கூறுகள் கரையும். அத்தனையும் இலை சமைத்த சர்க்கரையிலிருந்து வர வேண்டும். அதனால் முடிச்சு விஷயத்தில் செடி கறாரான கணக்குப்பிள்ளை. முடிச்சுக்குள் குடியிருந்து தழைச்சத்தைத் தயாரிக்கும் ரைசோபியம் பாக்டீரியா அனுப்பும் வேதிச் சமிக்ஞையை வேர் அடையாளம் கண்டதும், உள்ளடுக்குச் செல்களைப் பிரியச் சொல்லி சைட்டோகைனின் என்ற ஹார்மோன் உசுப்புகிறது. பிரியும் இடத்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் திரள்கிறது. எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோன் பிரேக் போடுகிறது. மெடிக்காகோ என்ற பயறினத்தில் எத்திலீனை உணர முடியாத செடி ஒன்றை 1997இல் விவரித்தார்கள். அதன் வேரில் பாக்டீரியா நுழைந்த இடங்கள் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். 2007இல் லோட்டஸ் என்ற இன்னொரு பயறினச் செடியில் சைட்டோகைனின் ஏற்பி ஓயாமல் இயங்கும் ஒரு வகையைக் கண்டார்கள். அதில் பாக்டீரியாவே இல்லாமல் முடிச்சு வந்தது. உள்ளே எதுவும் இல்லாத வெற்று முடிச்சு.

ஆனால் கடைசித் தீர்ப்பு வேரில் இல்லை, இலையில் இருக்கிறது. முதல் முடிச்சுகள் தோன்றியதும் வேர் சிறு பெப்டைடுகளை மேலே அனுப்புகிறது. இலையிலுள்ள ஏற்பி அவற்றைப் படித்து, "போதும், நிறுத்து" என்று கீழே தாக்கல் அனுப்புகிறது. நம் கவலை இங்கேதான் தொடங்குகிறது. மண்ணில் நைட்ரேட் மிகுந்தாலும் வேர் அதே குடும்பத்துப் பெப்டைடுகளைச் சுரக்கிறது. யூரியா சில நாட்களில் அமோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறும். முடிச்சே வராத வேர்கூட, வந்தது போல நிறுத்த உத்தரவு வாங்கிவிடும். வந்த முடிச்சுக்கும் பாதுகாப்பில்லை. நைட்ரேட் ஏறும்போது முடிச்சுச் செல்களின் துத்தநாக அளவு மாறி, தழைச்சத்து தயாரிப்பை நிறுத்தும் புரதம் விழித்துக்கொள்வதை 2024இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

அப்படியானால் பிரேக்கையே கழற்றிவிடலாமே என்று தோன்றும். 1985இல் ஆஸ்திரேலியாவில் அப்படியொரு சோயா கிடைத்தது. நைட்ரேட் இருந்தும் வேர் முழுக்க முடிச்சு வைத்தது; வளர்ச்சி மட்டும் தாய்ச்செடியைவிடக் குன்றியது. சர்க்கரையெல்லாம் முடிச்சுக்கே போனால் செடிக்கு என்ன மிஞ்சும்?

இனி மூட்டைக் கணக்கு. இறவை உளுந்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் தழைச்சத்து ஹெக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ. மானாவாரிக்கு அதிலும் பாதிதான். முடிச்சு வேலைக்கு வரும்வரை செடி தாங்குவதற்கான கைச்செலவு அது. 50 கிலோ டிஏபி மூட்டை ஒன்றிலேயே 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அடியுரமாக அதைப் போட்டவர் பதினைந்தாம் நாள் பயிர் வெளிறுகிறதே என்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை வீசினால், இன்னும் 20 கிலோவுக்கு மேல் சேர்கிறது. தேவையைப் போல மூன்று மடங்கு. அறுபத்தைந்து, எழுபது நாள் பயிரில் முடிச்சு உழைக்க வேண்டிய நாட்களே கொஞ்சம். அதிலும் பாதியை இப்படி இழந்தால் மீட்க நாளில்லை. பூக்கும்போது இலைவழி தெளிக்கும் 2 சத டிஏபி கரைசல் வேறு சங்கதி. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வயலில் தண்ணீர் தேங்கினாலும் எத்திலீன் கூடி முடிச்சு குறையும். வடிகால் எடுக்காமல், விதையோடு கலந்த ரைசோபியம் பாக்கெட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை. "முடிச்சு கூடும்" என்று சொல்லி விற்கும் ஹார்மோன் டானிக்கையும் நான் நம்பமாட்டேன். வெளியிலிருந்து கொட்டினால் அளவைப் பொறுத்து அதே ஹார்மோன் முடிச்சைத் தடுக்கவும் செய்யும்.

அடுத்த முறை உரக்கடைக்குக் கிளம்புமுன் வயலில் ஐந்து இடங்களில் செடியைப் பெயர்த்து முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவப்பு இருந்தால் யூரியா மூட்டை கடையிலேயே இருக்கட்டும்.